பத்து மார்க் ஜென்டில்மேன்

பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு விக்டோரியா ராணி காலத்து நாவல்கள் பாடம். அந்தக் கதைகளில் ஜென்டில்மேன் என்பவர் யார் என்று பத்து மார்க் கேள்வி கட்டாயம் வரும் என்றார்கள். தேவாலாவுக்கு அப்பால், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில், அடுப்பு மூட்டும் அம்மாவுக்குக் கேட்கும்படி விடையைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படிப்பேன். இங்கிலீஷில் உருப்போட்டால் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

ஜென்டில்மேன் பிறப்பால் ஆவதா, பணத்தால் ஆவதா, குணத்தால் ஆவதா என்று அந்த நாட்டுக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். குணத்தால்தான் என்பது எங்கள் நோட்ஸின் முடிவு. அவர் குரல் உயர்த்த மாட்டார். எதிரே பெண் வந்தால் ஒதுங்கி வழிவிடுவார். அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"சுமையோட வர்ற பொம்பளைக்குமா?"

மறுநாள் வகுப்பில் கேட்டேன். அதெல்லாம் சீமாட்டிகளுக்கு, வேலைக்காரிகளுக்கு இல்லை என்று சொல்லி சார் சிரித்தார். வகுப்பும் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பதிலை அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. எல்லாப் பெண்களுக்கும்தான் என்று புளுகிவிட்டேன்.

அம்மா சும்மா கேட்கவில்லை. எங்கள் தோட்டத்தில் துரை, அதாவது மேனேஜர், எதிரே வந்தால் கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்து வரும் பெண்கள் பாதையை விட்டுப் பக்கத்துக் கானில் இறங்கி நிற்க வேண்டும். கான் என்றால் முழங்கால் ஆழ வடிகால். எந்தச் சட்டத்திலும் இல்லாத வழக்கம். போன மழையில் அப்படி இறங்கி விழுந்து அம்மாவின் முழங்கால் பிசகியது. தேயிலை விலை விழுந்து, தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்த காலம் அது. உடம்பு முடியாதவர்களைத்தான் முதலில் நிறுத்தினார்கள். அம்மா நொண்டுவது தெரியாமல் நடக்கப் பழகியிருந்தாள். இன்னொரு முறை விழுந்தால் அவள் வேலையும் போகும், என் படிப்பும் போகும்.

காலேஜ் லீவில் ஒரு நாள் நானும் கொழுந்தெடுக்கப் போயிருந்தேன். மத்தியான எடைக்கு மூட்டையோடு வரிசையாக வந்தோம். அம்மா முதலில், நான் அடுத்து. எதிரே துரை வந்தார். எல்லாரும் கானைப் பார்த்தோம். அம்மா அசையவில்லை. துரைக்குப் பின்னால் வந்த சூப்பர்வைசர் இறங்கச் சொல்லிக் கத்தினார்.

"ஜென்டில்மேன்னா பொம்பளைக்கு வழி விடுவாங்கன்னு எம் மக படிக்கிற பொஸ்தகத்துல போட்டிருக்குதுங்க தொரை," என்றாள் அம்மா. "தலையில சுமை இருக்குதுங்க."

துரை அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் பளபளக்கும் ஷூவைப் பார்த்தார். பிறகு கானில் இறங்கினார். சேறு சாக்ஸ் வரை ஏறியது. அம்மா கடந்தாள், நான் கடந்தேன். பின்னால் பதினைந்து பேர் அவசரமே இல்லாமல் கடந்தார்கள். கடைசி ஆள் போகும்வரை அவர் அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று.

சாயங்காலம் நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். நான் சொன்ன பொய்யை நம்பி வேலையைத் தொலைத்துவிட்டாயே என்றேன். அம்மா சோற்றை வடித்துக்கொண்டே சொன்னாள்:

"நீ சொல்றப்பவே பொய்யின்னு தெரியும் புள்ள. தொரைக்குத் தெரியாதுல்ல."

மறுநாள் காலைப் பிரட்டில் சூப்பர்வைசர் அன்றைய வேலைக்கு ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் ஓரமாக நின்றேன். நான்காவதாக அம்மாவின் பெயர் வந்தது. "இருக்கேங்க" என்று மலையே கேட்கச் சொன்னாள்.

அன்று மத்தியானம் அதே பாதையில் துரை மறுபடி வந்தார். எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே, யாரும் எதுவும் சொல்லாமல், அவராகவே கானில் இறங்கி நின்றார். அவர் ஜென்டில்மேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாங்கள் பதினேழு பேரும் பாதையின் நட்டநடுவில் நடந்து போனோம்.