மவுஸில் கிளிக் செய்தவர்

இன்று எங்கள் அலுவலகத்தில் நேர்காணல். வந்தவர் சிங்காநல்லூர்ப் பெண். குழந்தைக்காக ஆறு வருடம் வேலையை விட்டிருந்தவர். கொடுத்த புரோகிராமில் இருந்த பிழையைப் பதறாமல் சரிசெய்தார்.

பிறகு அந்த மாற்றத்தை, புரோகிராம் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் 'கிட்'டில் (Git) சேர்க்க, எங்கள் துறையில் கெத்தாக நினைக்கும் கறுப்புத் திரையான டெர்மினலில் கமாண்ட் அடிக்காமல், பட்டன்கள் உள்ள ஆப்பைத் திறந்து மவுஸால் கிளிக் செய்தார்.

என்னோடு இருந்த டீம் லீட் பிரகாஷ் சிரித்துவிட்டான்.

அவரை வெளியே உட்காரச் சொன்னதும், "ஏனுங்கக்கா, படம் பாத்துக் கிளிக் பண்றவங்களயெல்லாம் எடுத்துப்போட்டு நாம என்னங்க பண்றது?" என்றான்.

"கோட் நல்லா இருந்துச்சே" என்றேன். அவன் படிவத்தில் 'வேண்டாம்' என்று எழுதினான். கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

லிஃப்ட் வரை அவருடன் போனேன்.

"ஏதாச்சும் தப்பாப் பண்ணிப்போட்டனுங்களா மேடம்?"

"இல்லீங்க" என்றேன். அதை நான் உள்ளே சொல்லியிருக்க வேண்டும்.

இருக்கைக்கு வந்து, அதே ஆப்பைத் திறந்து, என் வேலையையும் 'கிட்'டில் சேர்த்தேன். பதினோரு வருடமாக எனக்கும் அதுதான். பிரகாஷ் இந்தப் பக்கம் வந்தால் டெர்மினலை முன்னால் இழுத்துவிடுவேன். அந்தப் பெண் யாரிடமும் மறைக்கவில்லை.

உங்களில் யாரெல்லாம் என்னைப் போல? கமென்டில் சொல்லக் கூச்சமாக இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். நம் ஆட்கள் அங்கேதான் இருப்பார்கள்.