பந்திக்கு முன்னால் நிற்கும் பென்சில் செல்

பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிட்டது என்று திட்டு வாங்காதவர் எங்கள் தொழிலில் கிடையாது. தீரவே இல்லை என்று திட்டு வாங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் கல்யாண மண்டபத்தில், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு.

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் காஜா பாயின் ரிப்பேர் கடை. கையில் வைத்து ஆடும் பழைய வீடியோ கேம்களைப் பழைய சாமான் ஷெட்டுகளிலிருந்து மூட்டையாக வாங்குவோம். பிரித்து, கழுவி, வெளிச்சமான புது ஸ்கிரீன் மாட்டி விற்போம். பிரிப்பது, கழுவுவது, சால்டரிங் எல்லாம் நான். "எல்லாம் நம்ம கைவேல" என்று வாடிக்கையாளரிடம் சொல்வது பாய். கோவண்டியிலிருந்து தினமும் வந்துபோய் எனக்கு முடி நரைத்துவிட்டது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்தச் செல் நல்லது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதிவிடுகிறேன்.

1. தராசில் ஏறிய ஊர்க்காரர்

செம்பூர் வசந்தி கடைக்கு வந்தபோது அவள் வேலை பார்த்த ஆபீஸை மூடியிருந்தார்கள். கையிலிருந்ததைப் போட்டுப் புதுத் தொழில் தொடங்கப் போவதாகச் சொன்னாள். கல்யாணத்தில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிப் பட்டுப்புடவைகள் மேல் சாம்பாரைக் கொட்டாமல் இருக்க, அவர்களை ஒரு மூலையில் உட்காரவைத்து ஆளுக்கொரு கேம் கொடுப்பாளாம். சமையல் கான்ட்ராக்டர் கிருஷ்ணன் மாமா ஒரு கல்யாணத்துக்குச் சரி என்றிருக்கிறார். அது நன்றாக நடந்தால் இந்த சீசன் முழுக்க அவர் சமைக்கும் எல்லாக் கல்யாணமும் வசந்திக்கு. நடக்காவிட்டால் மறுபடி பயோடேட்டாவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க வேண்டும்.

"மூலையில பிளக் பாயிண்ட் கிடையாதுக்கா. இருக்கிறது ஒண்ணு, அதையும் மியூசிக்காரன் புடிச்சிக்குவான். செல்லுதான் போடணும். ஏக்தம் பக்கா செல் வேணும். நடுவுல நின்னுச்சு, என் கதை கதம்."

பாய் உடனே உள்ளே போய்த் தங்கக் கலர் ரேப்பர் போட்ட பென்சில் செல்களைக் கொண்டுவந்தார். சார்ஜ் ஏறும் ரகம். எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்பதற்கு மேலே 5000 என்று பெரிதாகப் போட்டிருந்தது.

"எங்க ஊர்க்காரன் சரக்கும்மா. அவன் வாப்பாவும் எங்க வாப்பாவும் ஒரே தெரு. கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போ."

எங்கள் சந்தில் கியாரண்டி கார்டு என்று ஒன்று கிடையாது. ஊர்ப் பெயர்தான் கியாரண்டி. சரக்கு கெட்டால் ஊரையா திருப்பிக் கொடுக்க முடியும்? ஒரு செல்லைக் கையில் எடுத்தேன். காய்ந்த முருங்கைக்காய் மாதிரி கனமே இல்லை. பக்கத்துக் கவரிங் நகைப் பட்டறையில் தராசு வாங்கிவந்து, 2000 என்று அடக்கமாக எழுதியிருந்த நல்ல செல்லை ஒருமுறையும் பாயின் தங்கத்தை ஒருமுறையும் வைத்தேன். தங்கம் பாதி எடைகூட இல்லை.

"ஊர்க்காரனையா தராசுல ஏத்துத?" என்றார் பாய். முகம் சுண்டிப்போயிருந்தது.

"ஊர்க்காரர ஏத்தல பாய். செல்லத்தான் ஏத்துனேன்."

ரேப்பரைக் கிழித்து அறுத்துப் பார்த்தோம். உள்ளே சுண்டுவிரல் அளவில் ஒரு குட்டிச் செல், சுற்றிலும் வெள்ளைப் பொடி. வசந்தி குனிந்து பார்த்து, "பல்பொடியாக்கா?" என்று கேட்டாள். பாய் பொடியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாவம், அவனையும் எவனோ ஏமாத்திட்டான்" என்றார்.

ஆகவே, எண்ணைப் படிக்காதீர்கள், எடையைப் பாருங்கள். சார்ஜ் ஏறும் இந்த நிக்கல் ரகத்தில் நல்ல செல் கைக்குக் கனமாக இருக்கும். ஃபுல் சார்ஜில் மீட்டர் ஒன்றரை வோல்ட் காட்டவில்லையே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அதன் சுபாவம் அவ்வளவுதான். முக்கியமாகப் புதுச் செல்லோடு பழையதைச் சேர்த்துப் போடாதீர்கள். லோக்கல் டிரெயினில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளை அட்ஜஸ்ட் செய்து உட்காரவைத்துப் பழகிய ஊர் இது, செல்லையும் அப்படியே அட்ஜஸ்ட் செய்யப் பார்ப்பார்கள். இளைத்த செல் சூடாகி ஒழுகிவிடும்.

வசந்திக்கு அந்த 2000 செல்களையே கொடுத்தேன்.

2. நிற்காத செல்

கல்யாணம் செம்பூரில். எனக்கும் ஒரு இலை உண்டு என்று வசந்தி சொன்னதால் போனேன். இல்லாவிட்டால் பேட்டரி பார்க்க யார் லீவு போடுவார்கள்?

மூலையில் ஜமக்காளம் விரித்துப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சத்தமே இல்லை. முதல் பந்தி முடிந்தது, ஒருவரும் அசையவில்லை. இரண்டாம் பந்தியில் நான் உட்கார்ந்து பாயசம் இரண்டு தரம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அப்போதும் எல்லாக் கேமிலும் செல்லில் சார்ஜ் இருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. பெருமை தாங்கவில்லை எனக்கு.

மூன்றாம் பந்தியில்தான் பூகம்பம். தாய்மார்கள் வந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள், கெஞ்சினார்கள், காதைத் திருகினார்கள். வசந்தி ஒரு பையனிடமிருந்து கேமை மெதுவாக வாங்கப் பார்த்தாள். அவன் தரையில் விழுந்து அழுத அழுகையில் நாதஸ்வரக்காரரே திரும்பிப் பார்த்தார். அதற்குள் மாப்பிள்ளையின் அத்தை நடு மண்டபத்தில் நின்று, "எங்காத்துக் குழந்தேள ஒருத்தரும் சாப்பிடக் கூப்பிடல. பட்டினி போட்டு அனுப்பறா" என்று அறிவித்துவிட்டார். சம்பந்தி சண்டைக்கு இதற்குமேல் காரணம் வேண்டுமா?

கிருஷ்ணன் மாமா கரண்டியோடு வந்தார். "ஏம்மா, இந்த டப்பால்லாம் எப்பத்தான் நிக்கும்?"

"நிக்காது மாமா, சாயங்காலம் வரைக்கும் ஓடும்" என்றேன் நான், பாராட்டுகிறார் என்று நினைத்து.

"ஓடட்டும். ஒங்க ரெண்டு பேரையும் கூட்டிண்டு ஓடட்டும்."

திரும்பும்போது ஆட்டோவில் வசந்தி கேம் பையைக் கட்டிக்கொண்டு அழுதாள். "செல்லு சூப்பர்க்கா. வேலதான் போச்சு" என்றாள். ஆட்டோக் காசை நானே கொடுத்தேன், அந்தச் செல்லைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நானல்லவா.

3. பாய் சொன்னது

மறுநாள் கதையைக் கேட்ட பாய் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க ஊர்க்காரன் செல்லப் போட்டிருந்தா முத பந்திக்கே எல்லாப் பிள்ளையளும் சாப்புடப் போயிருக்கும்."

சால்டரிங் அயர்னை அவர்மேல் எறியலாமா என்று தோன்றியது. ஆனால் கோபம் ஆறியதும் பார்த்தால், மனுஷன் சொன்னதில் விஷயம் இருந்தது. பல்பொடி செல்லைப் பிள்ளைகள் கையில் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஆனால் சின்னச் செல் என்றால் திருட்டுச் செல் என்று அர்த்தமில்லையே. சோலார் விளக்குக்குப் போடுகிற பென்சில் செல் இருக்கிறது. 600 என்று எழுதியிருக்கும், உள்ளேயும் 600தான் இருக்கும். எங்கள் புது ஸ்கிரீன் கரண்டை நன்றாகக் குடிக்கும். சத்தத்தையும் கூட்டி வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஒரு பந்தி முடிந்து அடுத்ததற்கு இலை போடும் நேரத்துக்குச் சிவப்பு விளக்கு மங்கியது. எல்லாம் ஒரே பெட்டிச் செல், ஒன்றாகச் சார்ஜ் ஏற்றியவை. ஒன்று நின்று ஒன்று ஓடினால், ஓடுவதைச் சுற்றி அடிதடி நடக்கும்.

வசந்தி மாமாவின் வீட்டுக்குப் போய் நின்றாள். அவர் கதவைச் சாத்தவில்லை. மாட்டுங்காவில் ஒரு சின்னப் பூணூல் விசேஷம் இருந்தது. "இதுதான் கடைசி. இதுலயும் குழந்தேள் சாப்பிட வரலேன்னா என் மூஞ்சில முழிக்கப்படாது" என்றார்.

அங்கே நான் பந்தியில் உட்காரவில்லை, பசியே இல்லை. முதல் பந்தி எழுந்தது. தரையைத் துடைத்தார்கள். இலைக்கட்டைப் பிரித்தபோது ஒரு கேமில் விளக்கு மங்கியது. பிறகு பக்கத்தில் ஒன்று, பிறகு வரிசையாக. ஸ்கிரீன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. பிள்ளைகள் தலை தூக்கினார்கள். இப்போது அழப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஒருவரும் அழவில்லை. பெரியவர்கள் பிடுங்கினால் உருண்டு புரள்கிற பிள்ளை, செல் தீர்ந்தால் அழுவதில்லை. செல்லிடம் யார் போய்ச் சண்டை போடுவது?

வசந்தி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அதுக்குப் பசிக்குதாம். நீங்க சாப்ட்டு வாங்க, அதுவும் சாப்ட்டு வந்துடும்."

மொத்தக் கூட்டமும் இலைக்கு ஓடியது. மாமா பாராட்டவெல்லாம் இல்லை. பாயசத் தூக்கோடு எங்களைக் கடந்து போனவர் நின்று, "வர்ற ஞாயித்துக்கிழம செம்பூர். காலம்பறயே வந்துடு" என்றார். வசந்தி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. அதன் பிறகுதான் எனக்குப் பசித்தது.

சீசன் முழுக்க வசந்திக்கு வேலை. அந்தச் சோலார் செல்களைப் பாய் எங்கே வாங்குகிறார் என்று கேட்காதீர்கள். அதே ஊர்க்காரரிடம்தான். வரும் பெட்டி ஒவ்வொன்றையும் நான் தராசில் ஏற்றுகிறேன், பாய் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போய்விடுகிறார்.

செல் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் எவ்வளவு நேரம் ஓடும் என்றுதான் கேட்பார்கள். பதில் சொல்லிவிடாதீர்கள். எப்போது நிற்க வேண்டும் என்று முதலில் அவர்களைக் கேளுங்கள்.