பார்க்கலாம் கார் எடுத்த கதை

கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண் பரிசோதிக்கிறவர் அவர். வருகிறவர்கள் டாக்டர் என்று கூப்பிடுவார்கள். டாக்டர் இல்லை என்று ஆரம்பத்தில் திருத்திக்கொண்டிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளாததால் விட்டுவிட்டார். வீட்டில் அவருக்கு வேறு பெயர். பார்க்கலாம். வைத்தவன் மனைவியின் தம்பி. எதைக் கேட்டாலும் மனிதர் வாயிலிருந்து முதலில் வருகிற சொல் அதுதான். பார்ப்பதும் பார்வை சம்பந்தப்பட்ட உத்தியோகம். பெயர் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது.

அந்தப் பின்னறையில் ஒரு நாற்காலி, எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை, மேசைமேல் வட்டக் கண்ணாடிகள் வரிசையாகச் செருகிய பெட்டி, அவ்வளவுதான். வந்தவரின் மூக்கில் கனமான இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒரு கண்ணாடியைச் செருகி எடுத்து, இன்னொன்றைச் செருகி, "முன்னாடி போட்டது தெளிவா இருந்ததா, இது தெளிவா இருக்கா?" என்பார். பாதிப் பேருக்குப் பரீட்சை எழுதுகிற மாதிரி வியர்த்துவிடும்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது டாக்டர். தப்பா சொல்லிட்டா என்ன பண்றது?"

"இதுல தப்பே கிடையாதுங்க. மறுபடியும் காட்டுறேன், நிதானமா பாருங்க."

எத்தனை தடவை வேண்டுமானாலும் காட்டுவார். அந்தப் பொறுமைக்காகவே தேடி வருகிறவர்கள் உண்டு. ஆனால் அடுத்தவர்களைத் தேர்ந்தெடுக்க வைக்கிற மனிதருக்கு, தனக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கை ஓடாது, கால் ஓடாது. முன்னறைக்கு வர்ணம் அடிக்க முடிவானபோது, ஆளை வரவழைத்துச் சுவரில் பட்டை பட்டையாக மாதிரி தடவச் சொன்னார். எந்தப் பட்டை என்று முடிவாகாமல் எல்லாப் பட்டைகளும் அப்படியே நின்றுவிட்டன. வந்துபோகிறவர்கள் அதுதான் டிசைன் போலிருக்கிறது என்று நினைத்து, நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பெண் பார்க்கப் போன இடத்திலும் அதே கதைதான். பிடித்திருக்கிறதா என்று அக்கா காதோடு கேட்டதற்கு "பார்க்கலாம்" என்றார். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் காது கூர்மை. "நான் பார்த்துட்டேன், எனக்குச் சரி" என்றாள். கல்யாணம் நடந்தது.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். முழங்கையை ஒரு தடவு தடவுவாள், நரம்பு கிடைத்துவிடும். வந்தவர் "வலிக்குமா" என்று கேட்டு முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். வீட்டில் முடிவு எடுப்பது மொத்தமும் அவள் இலாகா.

கார் பந்தய விளையாட்டு அந்த வீட்டுக்குள் வந்தது மைத்துனன் வழியாக. புது விளையாட்டுப் பெட்டி வாங்கியவன், பழையதைக் கொண்டுவந்து டிவிக்குக் கீழே வைத்துவிட்டு, "சும்மா ஓட்டிப் பாருங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான். பார்க்கலாம் பஸ்ஸில் வேலைக்குப் போய் பஸ்ஸில் திரும்புகிறவர். உயிரோடு இருக்கிற கார் எதிலும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஆனால் பகல் முழுக்க ஜன்னல் இல்லாத அறையில் எழுத்துப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு, சாயங்காலம் வளைந்து ஏறுகிற மலைப்பாதையும் கீழே பளபளக்கிற கடலும் கிடைத்ததில் மனிதர் சொக்கிப்போனார். பள்ளத்தில் விழுவார், எழுவார், மறுபடி விழுவார். அவருடைய பொறுமைக்கு அது ஒன்றும் பெரிதில்லை. இப்படியே விழுந்து விழுந்து ஒருநாள் மலைப்பாதைக் கோப்பையை ஜெயித்தே விட்டார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. கோப்பைக்குப் பரிசு ஒரு ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். ஒரே கார்தான், ஆனால் ஆறு விதமாக நின்றது. அரையிருட்டான ஒரு கொட்டகை, ஆறு மேடைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கார் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முதலில் வந்த சாதாரண மாடல் ஒன்று. அதிலேயே பின்சீட்டு, ஏசி, ரேடியோ எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்து எடையைக் குறைத்த மாடல் இன்னொன்று. டர்போ வைத்தது, கூரை மடங்குவது, பின்னால் ஊஞ்சல் பலகை அளவுக்கு இறக்கை வைத்த பந்தயக் கார். ஓரத்தில், கியர் தானாக விழுகிற ஒரு வெள்ளைக் கார், ஆபீஸ் போய்வர வாங்குகிற சாயலில். ஒன்றைத்தான் எடுக்கலாம், எடுத்தால் மற்ற ஐந்தும் இனி கிடைக்காது என்று கீழே எழுதியிருந்தது. அப்புறம் சொல்கிறேன் என்பதற்குப் பொத்தானே இல்லை.

பார்க்கலாம் ஆறையும் சுற்றிச் சுற்றி வந்தார். எடை குறைந்தது வளைவில் நன்றாகத் திரும்பும், நேர்ச்சாலையில் பின்தங்கும். டர்போ நேரில் பறக்கும், வளைவில் வாலை வீசும். கூரை மடங்குவது அழகு, ஆனால் கனம். ஒன்றின் குறைக்கு மருந்து இன்னொன்றில் இருந்தது. பெட்டியை அணைத்தால் பரிசே போய்விடுமோ என்று பயந்து, அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாளும் கார்கள் சுற்றின. அதற்கு மறுநாளும். மைத்துனனுக்கு போன் போட்டார்.

"டர்போதான் மாமா. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"மழையில ஓட்டினா வழுக்குமேடா."

"அந்த ஊர்ல மழை பெய்யவே பெய்யாது மாமா. விளையாட்டு."

மனைவி பின்னால் நின்று தலை துவட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "கண்ணை மூடிட்டு ஒண்ணை அமுக்குங்க."

"அமுக்கினா மத்த அஞ்சும் போயிடும்."

"இருக்கிறதே டிவிக்குள்ள. அது எங்க போகப்போகுது?"

கடையிலும் அவருக்கு இதே நினைப்பு. டாக்ஸி ஓட்டுகிறவர் ஒருவர் மூக்கில் சட்டத்தோடு உட்கார்ந்திருந்தபோது, கண்ணாடியை மாற்றுகிற சாக்கில் கேட்டுவிட்டார்.

"பின்சீட்டே இல்லாத கார் எப்படிங்க?"

"பின்சீட்டு இல்லன்னா நான் யாரை ஏத்துறது?"

"இல்ல, சும்மா ஓட்டுறதுக்கு."

"சும்மா யாராவது ஓட்டுவாங்களா டாக்டர்?" என்றார் டிரைவர். பிறகு அவருக்கும் ஆர்வம் பற்றிக்கொண்டது. கண் பரிசோதனை அப்படியே நின்றது. எடை எவ்வளவு, இழுவை எப்படி, டயர் அகலம் என்ன என்று இரும்புச் சட்டத்துக்குள்ளிருந்து விசாரித்து, கடைசியில் கூரை மடங்குகிறதை எடுங்கள், ஆனால் மடக்கவே மடக்காதீர்கள் என்று யோசனை சொன்னார். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தபிறகுதான் எழுத்துப் பலகைக்குத் திரும்பினார்கள்.

இந்தக் கூத்தில் வாயைத் திறக்காமல் நஷ்டப்பட்ட ஜீவன் ஒன்று வீட்டில் இருந்தது. அவருடைய மாமியார். மகள் வீட்டோடு வந்து சேர்ந்தது முதல், சாயங்காலம் ஒரு வினாடி வினா நிகழ்ச்சியைப் பார்ப்பார். பார்ப்பது என்ன, கலந்துகொள்வார். திரையில் இருக்கிறவர்கள் வாயைத் திறப்பதற்குள் பதில் சொல்லிவிட்டு, அவர்கள் தப்பாகச் சொன்னால் இரக்கத்தோடு உச்சுக் கொட்டுவார். இப்போது அந்த நேரத்தில் திரையில் ஆறு கார்கள். மாப்பிள்ளையிடம் போய் டிவியை மாற்றச் சொல்வது எப்படி? இத்தனை வருடத்தில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது "சாப்பிட்டீங்களா மாப்ள", "ஆச்சு அத்தை" என்பதற்கு மேல் போனதில்லை. வேறு வழியில்லாமல் டீயை வைத்துக்கொண்டு கார்களையே பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கும் அபிப்பிராயங்கள் வந்தன.

"அந்த இறக்கை வச்சது எதுக்குடி இப்படி முறைக்குது?" என்று மகளிடம் கேட்டார். வெள்ளைக் காரைப் பற்றி, "இது ஒண்ணுதான் யார் வம்புக்கும் போகாம நிக்குது, பாவம்" என்றார். மாப்பிள்ளை காதில் விழாதபடி மெதுவாகத்தான்.

வாரக் கடைசிக்கு முந்தைய நாள் பார்க்கலாம் கடையிலிருந்து வந்தபோது முன்னறையில் கரவொலி கேட்டது. திரையில் வண்ணக் காகிதத் துண்டுகள் கொட்டிக்கொண்டிருந்தன. நடுவில் வெள்ளைக் கார் தனியாக நின்றது. மற்ற ஐந்து மேடைகளும் காலி. பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றார்.

மாமியார் துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "மேசையைத் துடைச்சேன் மாப்ள. அப்படியே அந்த ரிமோட்டையும் துடைச்சேன். என்னமோ ஆயிடுச்சு."

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "வெள்ளை ஓரத்துல இல்ல இருந்தது? அதுவரைக்கும் நகர்த்திட்டு, அமுக்கி, நிச்சயமான்னு கேட்கிறதுக்கு மறுபடி ஒருதரம் அமுக்கணும். துடைக்கும்போது இவ்வளவும் நடக்குமாம்மா?"

"அழுத்தித் துடைச்சேன்டி" என்றார் மாமியார்.

பார்க்கலாம் சோபாவில் உட்கார்ந்தார். நெஞ்சில் ஏதாவது இடிந்து விழும் என்று காத்திருந்தார். டர்போ போனது, எடை குறைந்தது போனது. கூரை மடங்கினாலும் மடக்கக்கூடாத கார் போனது. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஒன்றும் இடியவில்லை. அரை மணி நேரம் மூக்கில் உட்கார்ந்திருந்த இரும்புச் சட்டத்தைக் கழற்றியதும் சிலர் மூக்குத்தண்டைத் தேய்த்துக்கொண்டு சிரிப்பார்களே, அந்த மாதிரி முகம் தானாகத் தளர்ந்தது.

"பரவால்ல அத்தை" என்றார். "நல்ல கார்தான்."

"நிஜமாவா மாப்ள?"

"கியர் மாத்துற வேலை இல்லையே. உட்காருங்க, ஓட்டிக் காட்டுறேன்."

அன்றைக்கு அவர்கள் சாப்பிட உட்கார நேரமாயிற்று. வெள்ளைக் கார் மலை ஏறுகிறபோது முனகியது. எல்லோரும் முந்தினார்கள். ஆனால் வளைவுகளில் வழுக்காமல் சொன்னபடி கேட்டது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, "லாரி வருது, லாரி வருது" என்று சோபாக் கையைப் பிடித்துக்கொண்டார். எந்த இடத்தில் பாலம் வரும், எந்த இடத்தில் பாதை குறுகும் என்பதையெல்லாம் வினாடி வினா மூளை சட்டென்று பிடித்துக்கொண்டது. "அடுத்தது இடது பக்கம் மாப்ள, இப்பவே ஒடிங்க" என்பார். அவரும் ஒடிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்தான். வெள்ளைக் காரைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இதை எடுத்த ஒரே ஆள் உலகத்துல நீங்களாத்தான் மாமா இருக்கணும்." இரண்டு பேரும் பந்தயம் விட்டார்கள். மைத்துனன், முன்பே தன் கணக்கில் ஜெயித்து வைத்திருந்த டர்போவில் முன்னால் போய், கோட்டைத் தாண்டி, டீ குடித்து முடித்தபிறகு வெள்ளைக் கார் வந்து சேர்ந்தது.

மைத்துனனுக்கே மனசு கேட்கவில்லை. "ஒரு வழி இருக்கு மாமா. கோப்பை ஜெயிச்சதுக்கு முன்னாடி எங்கேயோ சேமிச்சு வச்சிருக்கும். அங்க திரும்பிப் போய் மறுபடி ஜெயிச்சா, ஆறும் வரும். இந்தத் தடவை நிதானமா எடுத்துக்கலாம்."

மனைவி கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள். மாமியார் தரையைப் பார்த்தார்.

"வேணாம்டா" என்றார் பார்க்கலாம். யோசித்த மாதிரியே தெரியவில்லை. "இது இருக்கட்டும்."

இதனால் மனிதர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அடுத்த வாரம் செருப்பு வாங்கப் போய், கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்குகிறவரை கறுப்பா பழுப்பா என்று காலை நீட்டிக்கொண்டிருந்தார். மனைவி வந்துதான் பழுப்பு என்றாள். ஆனால் சாயங்காலங்கள் மாறின. வினாடி வினா முடிகிறவரை மாப்பிள்ளையும் கூடவே உட்கார்ந்து தப்புத் தப்பாகப் பதில் சொல்வார். மாமியார் உச்சுக் கொட்டுவார். அது முடிந்ததும் கார். மாமியாரின் பள்ளிக்கூடத்துத் தோழி சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தது முதல் மகளுக்கே தெரியாத பல விஷயங்கள் மலைப்பாதையில் வெளியே வந்தன.

ஒருநாள் மாமியார் கையை நீட்டினார். "குடுங்க மாப்ள. நானும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன்."

வெள்ளைக் கார் கிளம்பிய வேகத்தில் தடுப்புச் சுவரில் உரசி, ஒரு முழு வட்டம் அடித்து, வந்த வழியே திரும்பி நின்றது. எதிரே மற்ற கார்கள் எல்லாம் அலறிக்கொண்டு வந்தன.

"இவங்க எல்லாரும் ஏன் எதிர்ப்பக்கம் வர்றாங்க?" என்று கேட்டுவிட்டு, மாமியார் வேகத்தைக் குறைக்காமல் அவர்களுக்கு நடுவே புகுந்து போனார்.