ஐந்து ஊர்ப் பட்ஜெட்டும் ஓர் ஆடி மாதமும்

ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு தோசை என்பதுதான் எங்கள் மேனேஜரின் கணக்கு. மூத்தவன் காலேஜில் படிக்கிறானா, கடைசி தொட்டிலில் கிடக்கிறதா என்றெல்லாம் பார்க்க மாட்டார். மெட்ராஸ், மதுரை, கோயம்புத்தூர், திருச்சி, நாகர்கோவில் ஆகிய ஐந்து ஊர்களிலும் ரோட்டோரம் எங்கள் குடைக் கம்பெனியின் விளம்பரப் போர்டு நிற்க வேண்டும். பம்பாய் ஹெட் ஆபீஸ் அனுப்பும் பணத்தை ஐந்தால் வகுத்துவிட்டால் பட்ஜெட் தயார்.

அறுபதுகளின் கடைசி அது. குரோம்பேட்டையில் அந்தக் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் நான் டெம்பரரி கிளார்க். கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் கதவடைப்பு. கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். என் வேலை நிரந்தரமானால் அடுப்பு எரியும். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு மாமியார் ஊருக்குப் போய் நிற்க வேண்டும். மாமியார் நல்லவர்தான். ஆனால் அவரும் நானும் ஒரே அடுப்படியில் நிரந்தரமாக இருப்பது இரண்டு பேருக்குமே நல்லதில்லை.

அந்தப் பயத்திலும் என் வாய் சும்மா இருந்ததா? "சார், நாகர்கோவில்ல இடத்துக்குக் கொடுக்கிற வாடகை, இங்க மெட்ராஸ்ல ஜி.எஸ்.டி. ரோட்ல கம்பம் நடக்கூடப் பத்தாது" என்றேன். நில வாடகை, சவுக்குக் கம்பம், தகரம், பெயிண்டர் கூலி, முனிசிபாலிட்டி வரி எல்லாமே ஊருக்கு ஊர் வேறு. மழையும் வேறு. நாகர்கோவிலில் வைகாசி முடியும்போதே குடை விரிந்துவிடும். கோயம்புத்தூரில் ஆனியில் சாரல். மெட்ராஸ்காரர்களுக்கோ ஐப்பசி வரைக்கும் குடை வெயிலுக்குத்தான். ஆகவே மற்ற ஊர்களுக்கு முதலில் பணம் போகட்டும், மெட்ராஸுக்குக் கடைசியில், ஆனால் இரண்டு பங்கு என்று வாதாடினேன்.

மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவின் முதல் வரிசையில் நிற்பவர். ஆபீஸிலும் சுருதி இறங்க மாட்டார். இழுத்து இழுத்து ஜூலை பாதியில்தான், அதுவும் ஒன்றரைப் பங்குக்கு ஒத்துக்கொண்டார்.

"சண்டை போட்டு வாங்கிட்டீங்க. சுதந்திர தினத்துக்குள்ள மெட்ராஸ் போர்டு நிக்கணும். பம்பாய்லேர்ந்து பார்க்க வர்றாங்க. நிக்கலைன்னா உங்க கன்ஃபர்மேஷனைப் பத்தி என்கிட்ட வாயைத் திறக்காதீங்க" என்றார்.

ஒரு மாதம் இருக்கிறதே, தாராளம் என்று நினைத்தேன். எங்கள் பிரிவில் எல்லோருமே கிறிஸ்தவர்கள். சுவரில் தொங்கியது சர்ச் காலண்டர். ஜூலை பாதி என்றால் ஆடி பிறக்கிறது என்பது ஒரு மண்டைக்கும் உறைக்கவில்லை.

உறைக்க வைத்தவர் பெருங்களத்தூர் நிலக்காரர். ரோடு வளைகிற இடத்தில் அவருக்கு ஒரு மனை. தெற்கேயிருந்து வரும் எந்த பஸ்ஸின் கண்ணிலிருந்தும் அது தப்பாது. முன்பு நெல் விளைந்த இடத்தில் அப்போது செங்கல், ஜல்லி வியாபாரம் செய்துகொண்டிருந்தார். முன்பணத்தை நீட்டினேன். மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இன்னாமா இது, ஆடி மாசத்துல அட்வான்ஸ் தூக்கிகினு வந்துகீற? ஆடியில எவனாச்சும் குழி தோண்டுவானா?"

"போர்டுதானே அண்ணா, வீடா கட்டப் போறோம்?"

"வூடோ போர்டோ, கால் நட்டா நட்டதுதான். ஆவணி பொறக்கட்டும். இடம் எங்க ஓடிப்பூடும்?"

"இடம் ஓடாது. என் வேலை ஓடிடும்."

"ஐய, பேஜார் பண்ணாதம்மா. மோர் குடிச்சிட்டுப் போ."

குடித்துவிட்டு வந்தேன், வேறென்ன செய்ய?

மேனேஜர் எரிந்து விழுந்தார். "படிச்ச பொண்ணு, ஒரு மூடநம்பிக்கையை உடைக்கத் தெரியலையா? பக்கத்து மனை ஒரு மிலிட்டரிக்காரரோடது. அவருக்கு ஆடியும் கிடையாது, அமாவாசையும் கிடையாது. அங்க போங்க."

போனேன். ஒரு பல்பொடிக் கம்பெனி எனக்கு முன்னாலேயே அங்கே உட்கார்ந்திருந்தது. "அவங்களைவிடக் கூடக் கொடுத்தா இடம் உங்களுக்கு" என்றார் மிலிட்டரிக்காரர். அவர் கேட்ட வாடகை ஒன்றரைப் பங்கில் அடங்கவில்லை. இரண்டு பங்கு தந்திருந்தால் அடங்கியிருக்கும். பாவி மேனேஜர் அரைப் பங்கில் என் பிழைப்பைக் கெடுத்தாரே என்று பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன்.

அந்த வாரமே பல்பொடிப் போர்டு எழுந்துவிட்டது. அதில் ஒரு பெண் சிரித்தாள். பல் ஒவ்வொன்றும் கதவு அகலம். நிலக்காரரிடம் கெஞ்சப் போகும்போதெல்லாம் அவள் என்னைப் பார்த்து இளித்தாள். நிலக்காரர் மசியவில்லை. ஒவ்வொரு தடவையும் மோர்தான் கிடைத்தது.

சுதந்திர தினத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அன்று ஆராதனை முடிந்து வரும்போது எங்கள் தெருவில் ஒரு கீற்றுக் கூரையே பறந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு கணவர் வெளியே போன வேகத்தில் திரும்பி வந்தார். "பெருங்களத்தூர் வளைவுல போர்டு விழுந்துடுச்சாம்."

போர்டு எங்களுடையதில்லை, தெரியும். ஆனால் அதற்குக் கீழே ஒரு டீக்கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் பெஞ்சு நிறைய ஆள் இருக்கும். கணவரின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வழியெல்லாம் ஜெபம் பண்ணிக்கொண்டே போனேன்.

கம்பங்கள் முறிந்து, டீக்கடையின் மேல் குப்புறக் கிடந்தாள் அந்தப் பல்லழகி. பெஞ்சுகள் நொறுங்கிக் கிடந்தன. நிலக்காரர் அங்கேதான் நின்றிருந்தார்.

"அண்ணா, ஆளுங்க?"

"ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவல தங்கச்சி. அம்மன் கோயில்ல கூழு ஊத்தறாங்கன்னு கடையை மூடிகினு எல்லாரும் அங்க கெடந்தோம்."

அப்பாடா! அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டு பங்கு கிடைத்திருந்தால் அங்கே விழுந்திருப்பது எங்கள் போர்டு. காற்றில் கவிழ்ந்த குடை! அந்தக் குடையை அப்புறம் எவன் வாங்குவான்? நிலக்காரர் "பாத்தியா, நான் சொல்லல" என்று ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு சொம்பில் கூழ் கொண்டுவந்து கொடுத்தார். சர்ச்சுக்குப் போன புடவையோடு உட்கார்ந்து அம்மன் கோயில் கூழை மடமடவென்று குடித்தேன். அப்படி ஒரு ருசி.

திங்கட்கிழமை மேனேஜர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "பம்பாய்க்கு ட்ரங்க் கால் போட்டுட்டேன். காத்தை உத்தேசிச்சு நானேதான் தள்ளிப் போட்டேன்னு சொல்லியிருக்கேன். ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. சவுக்கு வேண்டாம், இரும்புத் தூண் போட்டுடுங்க. மெட்ராஸுக்கு இரண்டு பங்காவே எழுதிக்குங்க" என்றார். பெருமையை அவரே வைத்துக்கொள்ளட்டும், எனக்கு வேலை போதும் என்று வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அப்படி மூடியது அபூர்வம்.

சுதந்திர தினத்துக்கு மறுநாள் கூப்பிட்டார். மேஜையில் என் கன்ஃபர்மேஷன் ஆர்டர். "கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க" என்று பேனாவை நீட்டினார்.

பேனாவை வாங்கினேன். கை எழுதவில்லை. அந்த மாதம் முழுக்க ஆடி எப்போது முடியும் என்று எண்ணிக்கொண்டே இருந்தவளுக்கு சர்ச் காலண்டர் தேவையில்லை. அன்றுதான் ஆடிக் கடைசி.

"சார், தப்பா நினைக்காதீங்க. நாளைக்கு ஆவணி பிறக்குது. நாளைக்கே வாங்கிக்கட்டுமா?"

மூடநம்பிக்கை என்று வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினார். ஆர்டரை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

"காலையில வந்ததும் வாங்கிக்குங்க. சர்ச்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார்.