மாயாபுரியில் ஒரு கத்திக்குத் தண்ணீர் காட்டினேன்

ஞாயிறு காலை எட்டே கால். கிழக்கு கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து ஐ.என்.ஏ. மெட்ரோ ஸ்டேஷன் பொடிநடையாகப் பத்து நிமிடம். அங்கிருந்து மாயாபுரி ஏழாவது ஸ்டேஷன். வண்டி மாற வேண்டியதில்லை. அமைச்சகத்தில் கோப்பு புரட்டும் ஐம்பத்து நாலு வயது ஆசாமிக்கு விடுமுறை நாளில் பழைய இரும்புச் சந்தையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேட்டைக் கத்தி செய்யப் போனேன்.

வேட்டையாட இல்லை, சாமி. என் தம்பி முருகேசன் பாபநாசம் மலையில் வனக்காவலர். திருட்டுத்தனமாக வேட்டையாடுகிறவர்கள் கட்டும் நைலான் வலைகளை அறுத்தெறிவது அவன் வேலையில் பாதி. போன வருஷம் இங்கே ஒரு கடையில் பளபளவென்று ஒரு கத்தி வாங்கி அனுப்பினேன். வலை அறுக்கும்போது பிடி கழன்று, அலகு திரும்பி, அவன் உள்ளங்கையில் ஆறு தையல். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, பாவி. கையைப் பற்றிக் கேட்டாலே, "அது கெடக்கு, விடுண்ணே" என்று பேச்சை மாற்றிவிடுவான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "கழலாத கத்தியா நானே செஞ்சு அனுப்புதேன்" என்று ஒருநாள் வாயை விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு நர்ஸ் ஸ்டெல்லா திங்கள் காலை ரயிலில் ஊருக்குப் போகிறார். அதற்குள் கத்தி முடிந்தாக வேண்டும்.

ஒன்பது மணி. மாயாபுரி ஸ்டேஷனிலிருந்து இரண்டு கிலோமீட்டர், மின்சார ரிக்‌ஷாவுக்கு இருபது ரூபாய். இருபுறமும் லாரிகளின் கதவு, பஸ்களின் சீட்டு, மலைமலையாக எஞ்சின்கள். கத்தி செய்யக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும் ரிக்‌ஷாக்காரர் வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தார். "பாபுஜி, வீட்ல எல்லாம் டீக் ஹை நா? சரியாத்தானே இருக்கு?"

கத்தி செய்யக் கற்றுக்கொடுக்கும் கம்லாவின் பட்டறை தகரக் கூரை போட்ட ஒரே அறை. ஒரு நாள் பயிற்சிக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட. கம்லாவுக்கு நாற்பது வயதிருக்கும். சல்வாருக்கு மேல் தோல் ஏப்ரன், காலில் ஓட்டப்பந்தய ஷூ. லாரியின் பட்டை ஸ்பிரிங்கிலிருந்து வெட்டிய ஒரு துண்டை என் கையில் கொடுத்தார். தம்பியின் பிடி கழன்ற கத்தியைப் பற்றிச் சொன்னேன்.

"கடைக் கத்தியில இரும்பு பிடிக்குள்ள விரல் நீளந்தான் போகும். அப்புறம் கழலாம என்ன செய்யும்?" என்று ஹிந்தியில் சிரித்தார். இந்தக் கத்தியில் அலகும் பிடியும் ஒரே இரும்பு. அது பிடியின் கடைசி வரை ஓடும். இருபக்கமும் மரத் துண்டு வைத்து ஆணி அடித்துவிடுவார்கள்.

பதினோரு மணி வரை சம்மட்டி. நான் பத்து அடி அடித்தால் கம்லா ஓர் அடியில் அதைச் சரிசெய்தார். பிறகு சாணைச் சக்கரத்தில் தேய்த்து உருவம், பிடியில் ஆணிக்கு இரண்டு துளை. ஏழு அங்குல அலகு. பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை.

ஒரு மணி. அலகைக் கடினமாக்க உலையில் வைத்து, காந்தம் ஒட்டாத சூடு வரும்வரை காத்திருந்தோம். கம்லா காந்தத்தை அலகில் தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "பானி பிலாவ்! ஜல்தி!"

பானி என்றால் தண்ணீர், பிலாவ் என்றால் குடிக்கக் கொடு. இருபத்தெட்டு வருஷம் டெல்லியில் குப்பை கொட்டியவனுக்கு இதுகூடவா தெரியாது? இடுக்கியோடு திரும்பி, வாசலில் இருந்த தண்ணீர்ப் பீப்பாயில் அலகை முக்கினேன். 'டிங்' என்றது. சின்னச் சத்தம்தான்.

"அரே பாபுஜி! அந்த டின்!" உலைக்கு அடியிலேயே எண்ணெய் டின் இருந்தது. "இந்த இரும்பு எண்ணெய்தான் குடிக்கும். தண்ணியில விட்டா வெடிச்சிடும்."

"நீங்க பானின்னுதானே சொன்னீங்க?"

"எதுல முக்கினாலும் எங்களுக்கு அது பானி பிலானாதான்!"

நம் ஊரில் ஒருவனை ஏமாற்றினால் தண்ணி காட்டிவிட்டான் என்போம். நான் கத்திக்குக் காட்டிய தண்ணீர் எனக்கே திரும்பிவிட்டது. நுனியிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் மயிரிழைபோல ஒரு விரிசல்.

கம்லாவுக்கு என் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அலமாரியிலிருந்து தான் செய்த கத்தி ஒன்றை எடுத்து வந்தார். "இதைக் கொண்டு போங்க. நீங்க செஞ்சதுன்னே சொல்லுங்க, யாருக்குத் தெரியும்?"

அழகான கத்தி. கை அதை வாங்கியும்விட்டது. ஆனால் போன தடவையும் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல்தானே அனுப்பினேன்? திருப்பிக் கொடுத்தேன். "என் கத்தியில எவ்வளவு தேறும்?"

கம்லா அதை வெளிச்சத்தில் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். "நுனியை வெட்டிட்டா அஞ்சு அங்குலம் நிக்கும். பிடிப் பக்கம் சுத்தமா இருக்கு."

வெட்டினோம், மறுபடி தேய்த்தோம், மறுபடி உலை. இந்த முறை எண்ணெய். புகை குப்பென்று எழுந்தது, சத்தம் வரவில்லை. விரிசல் இருக்கிறதா என்று நாலு தடவை பார்த்தேன். அலகு சின்ன அடுப்பில் இரண்டு மணி நேரம் மெல்லிய சூட்டில் கிடந்தபோது, ராஜ்மா சாதம் சாப்பிட்டுவிட்டு பிடிக்கான ஷீஷம் மரத் துண்டுகளை இழைத்தேன். பிறகு பசை, இரண்டு பித்தளை ஆணி, கடைசியாகச் சாணை. ஆறரை மணிக்கு ஒரு குட்டைக் கத்தி என் கையில் இருந்தது. அதன் உள்ளே இருப்பது அத்தனையும் எனக்குத் தெரியும்.

கத்தியோடு மெட்ரோவில் ஏற விடமாட்டார்கள். ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது. கம்லா வாசலில் நின்று, "அடுத்த தடவை டின் மேல எழுதி வைக்கிறேன்" என்றார். "என்னன்னு?" "பானின்னு!" வீடு சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். ஸ்டெல்லா கத்தியைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தார்.

பத்து நாள் கழித்து முருகேசன் போன் செய்தான்.

"அண்ணே, வலையில ஒரு மிளா மான்குட்டி சிக்கிக் கெடந்துச்சு. உன் கத்திய வச்சு அறுத்துவிட்டேன். ஓடிட்டு."

"கை எப்படிடே இருக்கு?"

"கையா?" என்றான். "அட, கைய மறந்தே போனேம்ணே."