பரீட்சைக்கு ஒரு தோள்பட்டை

பிசியோதெரபிஸ்டிடம் யாரும் முதலில் வருவதில்லை. தைலம் தேய்த்து, நீவிவிட்டு, மச்சான் சொன்ன மாத்திரையையும் விழுங்கிப் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் வருவார்கள். இதைப் படிக்கும்போதே ஒரு கையால் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு என் பாடு புரியும்.

வருடாந்திர விசாரிப்பு

நான் படித்தது விழுப்புரத்தில், கிளினிக் வைத்திருப்பது திண்டிவனத்தில். மற்ற கல்லூரிகள் பழைய மாணவர்களை ஆண்டு விழாவுக்குக் கூப்பிடும். எங்கள் கல்லூரி நோயாளி கேட்டுக் கூப்பிடும். இறுதியாண்டு செய்முறைத் தேர்வில் மாணவர்கள் நிஜமான நோயாளியைத் தொட்டுப் பார்த்து, என்ன கோளாறு, என்ன பயிற்சி என்று தேர்வாளரிடம் சொல்ல வேண்டும். உள்ளூர் நோயாளிகளின் வலியெல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் என்பதால் வெளியூர் ஆட்கள் தேவை. வந்துபோகும் செலவும் மதியம் பிரியாணியும் கல்லூரியுடையது.

துறைத்தலைவர் சம்பந்தம் சார் சௌக்கியமா என்று கேட்டு நேரத்தை வீணாக்க மாட்டார். போனை எடுத்ததும் இப்படித்தான் ஆரம்பிப்பார்: "ஏம்மா, உங்கிட்ட நல்ல தோள்பட்டை ஏதாவது இருக்கா?"

பாயின் கழுத்து

போன வருடம் கோட்டக்குப்பம் பாய் ஒருவரை அழைத்துப் போனேன். வளைகுடாவில் லாரி ஓட்டித் தேய்ந்த கழுத்து. அன்று மாலை தேர்வாளர் என்னைத் தனியே கூப்பிட்டு விடைத்தாள்களைக் காட்டினார். ஒரே கழுத்து ஒரு தாளில் தென்னை மரத்திலிருந்து விழுந்திருந்தது, இன்னொன்றில் பைக்கிலிருந்து சறுக்கியிருந்தது, மூன்றாவதில் ஒட்டகம் இடித்திருந்தது. யாருக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பாயிடம் கேட்டேன். அவர் ஜன்னல் காற்றை அனுபவித்தபடி சொன்னார்: "வர்ற புள்ளைங்க எல்லாம் எப்டி ஆச்சுன்னு அதையே கேட்டுக்கினு இருந்தா பேஜாரா இருக்காதாம்மா? அதான் ஆளுக்கு ஒண்ணு சொன்னேன்."

அஞ்சலையின் கை

இந்த வருடம் கைவசம் நல்ல தோள்பட்டை இருந்தது. அஞ்சலை, கட்டட வேலைக்குப் போகும் சித்தாள், திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம். வலது கை காதுவரைகூட எழும்பவில்லை. அவருடைய மேஸ்திரி எடுத்திருந்த வேலை எங்கள் கல்லூரியின் புதிய கட்டடம். மேல்தளம் போடும் நாளுக்குள் கை சரியாகிவிட்டால் பழைய இடம் உண்டு, இல்லாவிட்டால் இப்போது வருகிற பெண்ணையே வைத்துக்கொள்வேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டாராம். வீட்டில் மாதச் சம்பளக்காரர் யாரும் கிடையாது.

சுவரில் விரல்களால் ஏறுகிற பயிற்சியை முதன்முதலாகச் செய்தபோது அவர் கண் கலங்கியது. நிறுத்தலாமா என்றேன். "நோவட்டும் மேடம். கலவை பாண்டு தலைக்குப் போவணும், அவ்ளோதான்."

ரெண்டு வாரம்

விஷயத்தைச் சொன்னதும் சம்பந்தம் சார் மகிழ்ந்துபோனார். பிறகு தேர்வு தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. அஞ்சலையின் கையோ தள்ளிப்போடாமல் மேலே போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டதும் சார் குரலைத் தாழ்த்தி, பரீட்சை முடிகிறவரை வைத்தியத்தைக் கொஞ்சம் மெதுவாகச் செய்யக் கூடாதா என்றார். எனக்குக் கோபம் வந்தது. படித்த இடம், பாடம் சொல்லிக்கொடுத்த மனிதர் என்பதால் சண்டை போடாமல் போனை வைத்தேன். மறுநாள் அஞ்சலைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் ஒதுக்கினேன்.

தளம் போடுகிற தேதிக்கு முன்பே அவர் கை தலைக்கு மேல் போய்விட்டது. சாரிடம் சொன்னேன். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "அவசரப்பட்டுட்டியேம்மா. ரெண்டு வாரம் பொறுத்திருந்தா பரீட்சை முடிஞ்சிருக்கும்."

கட்டிலில் நான்

வேறு தோள்பட்டை அகப்படவில்லை. "நீயே வந்து படுத்துடேன்" என்றார் சார். நடித்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். மாணவி ஒருத்தி என் கையைப் பிடித்து மெல்லத் தூக்கினாள். பாதி வழியில் நின்றுவிட்டது. இத்தனை வருடம் ஊரார் தோளை அமுக்கியதில் என் தோள் இறுகிப்போனதை நான் கவனிக்கவே இல்லை. நிஜமாகவே பயந்துபோனேன்.

நோயாளி ஒத்துழைக்கிறாரா என்று தேர்வாளர் கேட்டார். மாணவி என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னாள்: "இல்ல சார். இவங்க வீட்ல எக்சர்சைஸ் பண்றதே இல்லன்னு நெனைக்கிறேன்."

ஜன்னல்

பிரியாணிக்குப் பிறகு சாரும் நானும் மாடி ஜன்னலோரம் நின்றோம். எதிரே புதிய கட்டடத்தில் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கலவை இயந்திரத்திலிருந்து சாரம்வரை ஆட்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் அஞ்சலை. பாண்டை வாங்கி, வலது கையால் தலைக்கு ஏற்றி, நடந்து போய், மேலே நின்றவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். அதோ, நீங்கள் கேட்ட தோள்பட்டை அவர்தான் என்று சாரிடம் காட்டினேன்.

சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார். தோள் அசைவு, முழங்கை, நடை எல்லாவற்றையும் பார்த்தார். நல்ல வேலை செய்திருக்கிறாய் என்று தலையாட்டினார். பிறகு பார்வை கொஞ்சம் கீழே இறங்கியது. "இந்தச் சுமைக்கு அடுத்த வருஷம் இடுப்பு போயிடும்மா. அப்போ மறக்காம எனக்கு ஒரு போன் பண்ணு."

ஊரில் எல்லோரும் படித்த கல்லூரிக்கு நன்கொடை அனுப்புகிறார்கள். நான் வலி அனுப்பிக்கொண்டிருக்கிறேன், இந்த வருடம் சொந்த வலியையும் சேர்த்து.