கொடியேற்ற நாளும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா பிறந்தது சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்தில். காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் பெற்றோர், மழை ஏமாற்றிய ஒரு வருடம் எங்களைக் கூட்டிக்கொண்டு சிவகாசி ஓரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நாலு தெரு தள்ளி அந்தப் பழைய உயர்நிலைப் பள்ளி. அக்கா அங்கே ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு வரைதான் படித்தார்கள். அம்மா படுக்கையில் விழவும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள், பிறகு பட்டாசு ஆலைக்கு. அந்தக் கூலியில்தான் நான் படித்து, அதே பள்ளியில் ஆசிரியரானேன்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. குடியரசு தினத்தன்று கொடியேற்றி முடிந்ததும் பழைய மாணவர்கள் ஒவ்வொருவராக மைக் முன் வந்து தம் பெயரையும் செய்யும் தொழிலையும் சொல்வார்கள். உடனே மைதானத்தில் நிற்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலாக வணக்கம் சொல்வார்கள். முதலாளியானாலும் மூட்டை தூக்குபவரானாலும் அதே வணக்கம்தான். அக்காவுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஜனவரியில் அக்கா மைதானத்துக்கே வந்துவிட்டார்கள். எவ்வளவு தேய்த்தும் போகாத பட்டாசு மருந்துப் பொடி நகக்கண்ணில் மினுங்கியது. முன்வரிசையில் அவர்கள் வேலை பார்த்த ஆலையின் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவரும் எங்கள் பள்ளியில் படித்தவர்தான்.

"தம்பி, நானும் போய்ப் பேசட்டுமாலே?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. புது வாத்தியார் என்ற மிதப்பு வேறு. "பத்து முடிச்சவுகதான்க்கா பேசணும்" என்றேன். அப்படி ஒரு விதியே கிடையாது. வாய் கூசாமல் சொன்னேன்.

"அப்படியா? சரி சரி, எனக்கு எங்க தெரியும்?" என்று அக்கா சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜனவரியிலும் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். உள்ளே நின்ற எனக்கு அது தெரியும். அடுத்த வருடம் சொல்லிவிடலாம் என்றே வருடங்களை ஓட்டினேன்.

நெஞ்சுச் சளி முற்றிப் படுத்த கடைசி வாரத்தில் அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்கள்.

"ஏலே, பிரைவேட்டா பத்து எழுதிப் பாஸாயிட்டா என்னையப் பேச விடுவாகளா?"

"விடுவாகக்கா. மொதல்ல ஒடம்பு சரியாகட்டும்."

அப்போதும் என் வாயில் உண்மை வரவில்லை. மூன்றாம் நாள் அக்கா எங்களை விட்டுப் போய்விட்டார்கள்.

அக்காவைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்ட அத்தான், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த ஆலைத் தோழிகள், நேரம் பார்க்காமல் ஆட்டோ எடுத்த பக்கத்து வீட்டார், ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்காவின் இந்த நினைவு மலரை வாங்குகிறவர்களில் எங்கள் பள்ளியில் பாதியில் நின்றவர்கள் பலர் இருப்பீர்கள். ஒரு வகுப்புப் படித்திருந்தாலும் போதும், வருகிற குடியரசு தினத்துக்கு வாருங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். யாரும் தடுக்கமாட்டார்கள். தடுத்தவன் நான் ஒருவன்தான், அதுவும் என் அக்காவை.